மேஜை மீது கொள்ளிடம்

ஆறடிக்கு நாலடி மேஜை. அதன்மேல் பச்சைத் துணி விரித்து, அட்டையில் வீடுகளும் பஞ்சில் மரங்களும் வைத்திருப்பார்கள். கட்டைவிரல் உயரத்துக்கும் குறைவான ஈயச் சிப்பாய்கள் வரிசை கட்டி நிற்பார்கள். சட்டைப் பொத்தான்வரை வண்ணம் தீட்டியிருக்கும். ஒருவர் டேப்பை நீட்டி ஆறு அங்குலம் அளந்து தன் படையை நகர்த்துவார். எதிரில் இருப்பவர் பகடையை உருட்டி, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நரைத்த தலைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மும்முரமாக ஆடும் விளையாட்டு இது. இதில் எல்லாக் காலத்துப் போர்களும் உண்டு என்றாலும் பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் தனி மவுசு. சிவப்பு, வெள்ளை, நீலக் கோட்டுகள், கொடிகள், முரசுகள், வரிசை பிசகாமல் நடக்கும் காலாட்படை என்று பார்வைக்கு இவ்வளவு அழகான போர்க்காலம் வேறில்லை. பார்வைக்கு மட்டும்தான்.

அந்த நூற்றாண்டின் போர்களில் கணிசமான பங்கு நம் காவிரிக் கரையிலும் அதை ஒட்டிய கடற்கரையிலும் நடந்தது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கடலூர் என்று பட்டியல் நீளும். எங்கள் சீர்காழி வட்டாரத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கொள்ளிட முகத்துவாரத்துத் தீவுக்கோட்டை, ஆங்கிலேய நூல்களின் தேவிக்கோட்டை. ஆனால் மேஜைப் போர் விளையாட்டின் அடிப்படை நூல்களைப் புரட்டினால் டெல்டா கண்ணிலேயே படாது. 1967இல் பீட்டர் யங்கும் ஜே. பி. லாஃபோர்டும் சேர்ந்து எழுதிய 'சார்ஜ்!' இந்தத் துறையின் பாலபாடம். லாஃபோர்டு பழைய இந்திய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். பின்னாளில் கிளைவைப் பற்றியும் கம்பெனிப் படையைப் பற்றியும் தனித்தனியாக நூல் எழுதியவர். அவரே விளையாட்டு நூல் எழுத உட்கார்ந்தபோது கற்பனையான ஐரோப்பியப் படைகளைத்தான் மோதவிட்டார். 1971இல் சார்ல்ஸ் கிராண்ட் எழுதிய 'தி வார் கேம்' மோல்விட்ஸ் போன்ற ஐரோப்பியச் சமவெளிப் போர்களையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

விதிகள் பிறந்த இடம் அப்படி. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர், சதுரங்கப் பலகையை 1,617 கட்டங்களாக விரித்து, ஆறு, காடு, மேடு என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்து ஒரு போர் ஆட்டத்தை வெளியிட்டார். (அதே ஆண்டு ஜூலையில்தான் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது.) 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, நிஜமான நிலப்படம், பகடை, நடுவர் மூன்றையும் கொண்டுவந்தார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, மரக்குச்சி சுடும் பொம்மைப் பீரங்கிகளோடு இதை வீட்டுத் தரைக்கு இறக்கினார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் நூல் வந்தபின் இது ஊர் ஊராகக் கிளப் வைத்து ஆடும் பொழுதுபோக்கானது. வழி எதுவானாலும் மூலத்தில் இருப்பது சதுரங்கம். இரு பக்கமும் சம பலம், மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், ராஜா விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

டெல்டாப் போர்களில் இந்த மூன்றும் கிடையாது. இங்கே பொருத்தமான முன்னோடி ஆடு புலி ஆட்டம். மூன்று புலி ஒரு மாதிரி நகரும், பதினைந்து ஆடு வேறு மாதிரி நகரும், வெற்றி என்பதும் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு. இந்த ஆட்டத்தைக் கோயில் கல்தரையில் கீறி வைத்து ஆடிய ஊர்க்காரர்களுக்கு, டெல்டாப் போரை மேஜையில் எப்படி அமைப்பது என்பதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

தீவுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் பிரதாப்சிங் ஆண்டுகொண்டிருந்தார். பதவி இழந்த சாகுஜி, 1749 தொடக்கத்தில் கடலூர் புனித டேவிட் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடம் போய், அரியணையை மீட்டுத் தந்தால் போர்ச் செலவோடு தீவுக்கோட்டையையும் தருவதாகச் சொன்னார். நாட்டில் கால் வைத்தாலே மக்கள் தன் பின்னால் திரண்டு வருவார்கள் என்றும் சொன்னார். கேப்டன் கோப் தலைமையில் 430 ஐரோப்பியரும் ஆயிரம் சிப்பாய்களும் தரைவழியே புறப்பட்டார்கள். தளவாடமும் சாப்பாடும் கப்பலில். ஏப்ரல் 13 இரவு, படை பரங்கிப்பேட்டைப் பக்கம் முகாமிட்டிருந்தபோது புயல் அடித்தது. கூடாரங்கள் பறந்தன, வண்டி மாடுகள் செத்தன. கடலில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் கொடிக்கப்பல் நேமூர், நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கியது. மிச்சப் படை கொள்ளிடத்தைக் கடந்து கோட்டைப் பக்கம் போனது. சாகுஜிக்காக ஒருவரும் வரவில்லை. கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று படைக்குத் தெரியவில்லை, படை எங்கே என்று கப்பல்களுக்குத் தெரியவில்லை. சில நாளில் திரும்பிப் போனார்கள்.

இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் வந்தார். 800 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், இந்தத் தடவை எல்லாம் கப்பலில். ராபர்ட் ஆர்ம் 1763இல் வெளியிட்ட வரலாற்றில் இந்த முற்றுகை விரிவாக இருக்கிறது. கோட்டையின் சுற்றளவு ஒரு மைல். ஆறு பக்கமும் ஆறு அளவு. செங்கல் மதில், 18 அடி உயரம். ஆற்றுக்கு இந்தக் கரையில் பீரங்கி நிறுத்தி, மூன்று நாளில் மதிலை உடைத்துவிட்டார்கள். அக்கரைக்குப் போவது எப்படி? கப்பல் தச்சர் ஜான் மூர் 400 பேர் ஏறக்கூடிய தெப்பம் ஒன்றைக் கட்டினார். இரவில் அவரே நீந்திப் போய் எதிர்க்கரை மரத்தின் வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். அந்தக் கயிற்றை இழுத்துத்தான் படை அக்கரை சேர்ந்தது. கடக்கும்போதே முப்பது ஐரோப்பியரும் ஐம்பது சிப்பாய்களும் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். அதன்பின் 34 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களுமாகக் கிளைவ் உடைப்பை நோக்கிப் பாய்ந்தார். நடுவே ஒரு சின்ன ஓடை. ஐரோப்பியர் கடந்துவிட்டார்கள், சிப்பாய்கள் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். கொத்தளத்துக்குப் பின்னால் மறைந்திருந்த தஞ்சைக் குதிரைப்படை பின்பக்கமாக வந்து 26 பேரை வெட்டிச் சாய்த்தது. கிளைவும் மூன்று பேரும் தப்பினார்கள். பிறகு லாரன்ஸ் முழுப் படையோடு வந்தபோது குதிரைப்படை விலகியது; கோட்டைக்குள் ஆளில்லை.

இதை மேஜையில் வைக்கப் போனால் முதல் சிக்கல் எண்ணிக்கை. வழக்கமான கணக்கு ஒரு பொம்மைக்கு இருபது ஆள். அப்படியானால் லாரன்ஸின் ஐரோப்பியர் நாற்பது பொம்மை, சிப்பாய்கள் எழுபத்தைந்து. நன்றாகத்தான் இருக்கும், கிளைவின் 34 பேருக்கு வரும்வரை. அவர்களுக்கு ஒன்றே முக்கால் பொம்மை! அந்த நாளின் கதை முழுவதும் அந்த ஒன்றே முக்கால் பொம்மைமேல் நிற்கிறது. ஐந்து ஆளுக்கு ஒரு பொம்மை என்று மாற்றினால் கிளைவுக்கு ஏழு கிடைக்கும். ஆனால் மொத்தப் படை 460ஐத் தொடும், வண்ணம் தீட்டி முடிக்க ஆண்டுக்கணக்காகும். நிலமும் அப்படியே. பத்து கஜத்தை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோட்டை மதில் மட்டும் 176 அங்குலம், பதினைந்தடிக்குச் சற்றுக் குறைவு. நாலடி அகல மேஜையில் கோட்டையை வைத்துவிட்டால் கொள்ளிடம் தரையில்தான் ஓட வேண்டும். ஆகவே முற்றுகையை நிலப்படத்தில் ஆடிவிட்டு, ஓடையோரத்து அரைமணி நேரத்தை மட்டும் பொம்மைகளுக்கு விடுவதே சரி என்பது என் கட்சி.

இரண்டாவது சிக்கல் சிப்பாய்கள் ஏன் நின்றார்கள் என்பது. பழைய விதிநூல்கள் இதற்குச் சுலபமாக ஒரு வழி வைத்திருக்கும். சுதேசிப் படைக்கு மனவுறுதி மதிப்பெண்ணை இரண்டு குறைத்துவிடும். இது சோம்பேறித்தனம். 1749இன் சிப்பாய் அவசரத்துக்குச் சேர்க்கப்பட்ட ஆள். முறையான பட்டாலியன்கள் சென்னையில் அமைந்ததே 1750களின் கடைசியில். இரண்டே ஆண்டு கழித்து, 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் அதே ரகச் சிப்பாய்கள் ஐம்பது நாள் தாக்குப்பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் யூசுப்கான் தலைமையில் அவர்கள் செய்ததை ஆங்கிலேயத் தளபதிகளே மெச்சினார்கள். பயிற்சி, சம்பளம் ஒழுங்காக வந்ததா, தலைமை தாங்கியவன் யார் என்ற மூன்றைக் கொண்டு மதிப்பெண் போட்டால் வரலாற்றுக்கு ஒத்துப்போகும். பிறப்பைக் கொண்டு போட்டால் ஒத்துப்போகாது.

பகடை விஷயத்திலும் நம்மிடம் ஒரு நல்ல சாமான் இருக்கிறது. ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டினால் ஒன்று விழவும் ஆறு விழவும் சம வாய்ப்பு. வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைத் தாயக்கட்டை இரண்டை எடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. சேர்த்து உருட்டினால் பதினாறு சேர்க்கைகள். மூன்று விழ அதில் நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் 'பன்னிரண்டு'க்கு ஒன்று. பெரும்பாலும் நடப்பது நடுவில் குவிகிறது, அபூர்வமானது பதினாறில் ஒன்றாக ஓரத்தில் நிற்கிறது. படையின் மனவுறுதிச் சோதனைக்கு இது அச்சாகப் பொருந்தும். ஓடைக் கரையில் 700 சிப்பாய்க்கு மூன்றோ அதற்கு மேலோ தேவை என்று வைத்து உருட்டிப் பாருங்கள். பன்னிரண்டு விழுந்தால் கிளைவுக்கும் முந்தி அவர்களே உடைப்பில் ஏறிவிட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் சுவை கூடும்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல், நீரும் காலமும். ஐரோப்பிய விதிநூலில் ஆறு என்பது மேஜைமேல் ஒரு நீலத் துண்டு. கடக்க ஒரு முறை நகர்வு குறையும், அவ்வளவே. நம்மூரில் ஆறு நாள்காட்டியோடு சேர்ந்தது. மேட்டூர் அணை வந்தது 1934இல், முக்கொம்பு மேலணை 1836இல். அதற்கு முன் ஆடி மாத வெள்ளத்தில் பெரும்பங்கைக் கொள்ளிடம் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். கோடையில் குதிரை நடந்து கடக்கும் இடம் சில வாரங்களில் தெப்பம் கேட்கும். நடவான வயலில் வரிசை கட்டிய காலாட்படை நடக்காது. வரப்பில் ஒற்றை ஆளாகத்தான் போகலாம். பீரங்கிக்கு வரப்பும் போதாது. ஆக, டெல்டாவில் மேஜையை விரிக்குமுன் எந்த மாதம் என்று தீர்மானிக்க வேண்டும். சித்திரையா, ஆடியா, ஐப்பசியா என்பதைப் பொறுத்து அதே நிலம் சமவெளி, சேறு, கடல் என்று மூன்று விதமாக மாறும். கோப்பின் படைக்கு நேர்ந்தது போன்ற புயலை நடுவர் தன் கையில் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். கப்பலும் படையும் ஒன்றையொன்று தேடி அலைந்ததை மேலிருந்து பார்க்கும் மேஜையில் ஆடவே முடியாது. இங்கே ரைஸ்விட்ஸின் நடுவர் இல்லாமல் காரியம் ஆகாது. இரண்டு அறைகளில் இரண்டு படம், நடுவில் ஓலை கொண்டுபோக ஒரு பையன் இருந்தால் போதும்.

பணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைமீது படையெடுத்ததே வசூலுக்காகத்தான். பிரதாப்சிங் முன்பு எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் கையில் இருந்தது. காரைக்கால், நாகூர் வழியாக வந்தார். கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார், அங்கே ஆறு பிராமணர்களை உளவாளிகள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். ஆகஸ்டு தொடக்கத்தில் தஞ்சைக் கோட்டையைச் சுடத் தொடங்கியபோது படைக்குச் சோறும் இல்லை, மருந்தும் போதவில்லை. கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை அடிபட்ட செய்தியும் வந்தது. 10ஆம் தேதி திரும்பிவிட்டார். தஞ்சைத் தளபதி மானோஜி செய்த புத்திசாலித்தனம் பெரிய போர் கொடுக்காததுதான். பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்தி, குதிரைகளை விட்டு எதிரியின் தீனியை மறித்தார். இதைச் 'சார்ஜ்!' விதிகளில் ஆடினால் மானோஜி தோற்பார். முறைக்கு இத்தனை கலம் அரிசி, இத்தனை வெடி என்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்து ஆடினால் லாலி பக்கம் ஆடுபவருக்கு ஐந்தாம் முறையிலேயே வியர்க்கும்.

இனி தூரிகைக்காரர்களுக்கு. 1749இன் கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு தீட்டாதீர்கள். சீருடை பின்னால் வந்தது. வெள்ளை வேட்டி அல்லது முழங்கால் சல்லடம், தலைப்பாகை, இடைக்கச்சை என்று அவனவன் சொந்த உடை. அதிலும் வெள்ளை என்றால் சலவை வெள்ளை வேண்டாம், பழுப்பு கலந்த கோராத் துணி நிறம். வெள்ளைச் சாயத்தில் ஒரு சொட்டு காவி சேர்த்து அடித்து, மடிப்புகளில் நீர்த்த பழுப்பை ஓடவிட்டால் அச்சாக வந்துவிடும். பிற்காலச் சிப்பாய்க்குத் தஞ்சாவூர் ஓவியர்கள் ஐரோப்பியருக்காக வரைந்து விற்ற கம்பெனி பாணிப் படங்களே கையேடு. சிவப்புச் சட்டையும் அரைக்கால் சல்லடமும் அவற்றில் தெளிவாக இருக்கும். பிரெஞ்சுப் பக்கம் ஒரு பொறி உண்டு. லாலியின் சொந்த ரெஜிமெண்ட் ஐரிஷ்காரர்கள். அவர்களுக்கும் சிவப்புக் கோட்டுதான், மடிப்பு பச்சை. புகையில் யார் யாரென்று நிஜத்திலும் குழம்பியிருக்கும்.

தஞ்சைப் படைக்கு அச்சான பொம்மைகள் கடையில் கிடைப்பது அரிது. மராட்டியக் குதிரை என்று விற்பவை பெரும்பாலும் வடக்கத்திய உருவங்கள். கள்ளர் நாட்டு ஆட்கள், நீண்ட ஈட்டிக்காரர்கள் வேண்டுமென்றால் பிற நாட்டு உருவங்களை வெட்டி ஒட்டித்தான் செய்ய வேண்டும். முப்பரிமாண அச்சு வந்தபின் இது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. எனக்கு ஒரு நப்பாசை: கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்கிறவர்கள் போலீஸ் பேண்டு செட்டும் கிரிக்கெட் செட்டும் செய்கிறார்கள், ஒரு தஞ்சைக் குதிரைப்படை செட்டு செய்தால் என்ன? நிலக்காட்சிக்கு நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொலுவில் பூங்கா வைக்கும் வீடுகளில் தட்டில் மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் முளைக்க விடுவார்களே, ஓரங்குலம் வளர்ந்த அந்தப் பயிர்தான் சின்ன அளவில் நாற்றங்கால். மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் கோதுமை வயலுக்குத் தென்னை நார் மிதியடியை வெட்டி வைக்கிறார்கள். அறுவடை முடிந்த தாளடிக்கு அதுவும் ஆகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தீவுக்கோட்டையை விட்டுவிட்டு ஆச்சாள்புரத்தில் தொடங்கலாம். கோட்டை விழுந்தபின் அங்கிருந்து தென்மேற்கே ஐந்து மைலில் 'அச்சவரம்' கோயிலை ஆங்கிலேயர் பிடித்ததாக ஆர்ம் எழுதுகிறார். திசையும் தொலைவும் பெயரும் பார்த்தால் சம்பந்தர் திருமணம் நடந்த நம் ஆச்சாள்புரத்தைத் தவிர வேறெதுவும் பொருந்தாது. நூறு ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் மதிலுக்குள். வெளியே ஐயாயிரம் தஞ்சை வீரர்கள்; இரவெல்லாம் மதிலேறவும் கதவை எரிக்கவும் முயன்று முடியாமல் விலகினார்கள். நான்கு மதில், ஒரு கோபுர வாசல், இரவு, ஒரே கேள்வி: விடிவதற்குள் கதவு எரியுமா? பத்துக்கு ஒன்று கணக்கில் உள்ளே நாற்பது பொம்மை போதும். வெளியே ஐந்நூறு வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மதிலை ஒரு நேரத்தில் தொடக்கூடியவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்க முடியாது; விழுந்த பொம்மையை எடுத்துப் பின்வரிசையில் வைத்தால் ஐயாயிரமும் வந்துகொண்டே இருக்கும்.

தரவுக்கு ஆர்மையே நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. அவர் கிளைவின் நண்பர். யார் மேடையின் நடுவில் நிற்பார் என்பது எழுதுமுன்பே முடிவான விஷயம். மறுபக்கக் குரலுக்கு நம்மிடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதப்பட்டது. போர்க்களத்தில் நின்றவர் அல்லர், ஆனால் யார் யாருக்குப் பணம் கொடுத்தார், எந்தத் தூதன் எப்போது வந்தான், கடைத்தெருவில் என்ன வதந்தி என்பதெல்லாம் அதில் உண்டு. நடுவரின் ரகசியச் சீட்டுகளை எழுத அதைவிட நல்ல மூலம் இல்லை.

வெற்றிக்கு மதிப்பெண் போடுவதில்தான் இந்த ஆட்டம் உண்மையில் கடினமாகிறது. 1749 முடிவில் பிரதாப்சிங் தீவுக்கோட்டையையும் சுற்றியிருந்த நிலத்தையும் போர்ச் செலவையும் கொடுத்தார். அரியணை அவரிடமே இருந்தது. எந்தச் சாகுஜிக்காகப் போர் தொடங்கியதோ அவருக்கு ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய் உபகாரச் சம்பளம் என்று பேசி மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டை விழுந்தது என்று கம்பெனிப் பக்கம் ஆடியவர் கைதட்டலாம். தஞ்சைப் பக்கம் ஆடியவர் ராஜ்யம் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சாகுஜிக்கென்று மூன்றாவதாக ஓர் ஆட்டக்காரரை உட்கார வைத்தால் தோற்றவர் யார் என்பதில் சந்தேகமே இராது.

1782க்கு வரும்போது இந்தக் கணக்கும் போதவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே அன்னகுடியில், கர்னல் பிரெய்த்வெய்ட்டின் சுமார் 1,500 சிப்பாய்களையும் நூறு ஐரோப்பியரையும் திப்பு தன் பெரும்படையால் வளைத்துப் பிடித்தார். மேஜைக்கு அருமையான போர். திறந்த வயல், சதுர அணிவகுப்பு, சுற்றிவரும் குதிரைகள், ராக்கெட், பிரெஞ்சுத் துணைப்படை என எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை டெல்டாக்காரர்கள் தலைமுறைகளாக 'ஹைதர் கலாபம்' என்று சொல்லிவந்தார்கள். மதகு உடைந்தது, மாடு போனது, சாகுபடி நின்றது, தஞ்சைத் தெருக்களில் பட்டினிச் சாவு. பாதிரியார் ஸ்வார்ட்ஸ் அரிசி திரட்டிக் கஞ்சி ஊற்றினார். பொம்மைப் படைகளில் விவசாயிக்கு உருவம் கிடைக்கிறது, ஆனால் அவனுக்கு விதி கிடையாது; வயலோரத்தில் அலங்காரமாக நிற்பான்.

அவனுக்கும் ஒரு விதி வைக்கப் பார்த்தேன். குதிரை மிதித்த ஒவ்வொரு வயலுக்கும் மிதித்தவரின் அரிசிக் கணக்கில் ஒரு கலம் அடுத்த முறையில் குறையும் என்று முதலில் எழுதினேன். அதை வைத்து ஆடினால் திப்பு பக்கம் இருப்பவர் வயலைச் சுற்றிச் சாலையோடு போவார். நிஜத்தில் அப்படி யாரும் போகவில்லை. ஹைதர் டெல்டாவை வைத்துக்கொள்ள வரவில்லை. அதன் நெல் கம்பெனிக்குக் கிடைக்காமல் போக வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். ஆகவே மிதித்த வயலின் கலம் எதிரியின் கணக்கில் குறைய வேண்டும். அதோடு இரண்டு கணக்கிலும் சேராத மூன்றாவது பத்தி ஒன்றும் வேண்டும், ஊர்க்காரர்களின் அரிசி. அந்தப் பத்தி காலியானால் மேஜையில் யார் முன்னிலையில் இருந்தாலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடலாம், மதிப்பெண் யாருக்கும் இல்லை.